பள்ளியிலும் கல்லூரியிலும் நிதிக் கல்வியைக் கட்டாயமாக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பளம், செலவு, கடன், சேமிப்பு, காப்பீடு, வரி ஆகியவற்றைச் சமாளிக்கக் கற்றுத்தரும் பாடம் அரசுப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கட்டாயமாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெற்றோர், ஆசிரியர், மாணவர் என யாராக இருந்தாலும் பெரும்பாலும் அதே சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, என் பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

நிதிக் கல்வி என்றால் ஷேர் மார்க்கெட்டில் பணம் போடச் சொல்லித்தருவதுதானே?

இல்லை. பங்குச்சந்தை இதில் ஒரு சின்னப் பகுதி. சம்பளச் சீட்டில் உள்ள பிடித்தங்கள் எதற்கு என்று புரிந்துகொள்வது, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்று பார்ப்பது, காப்பீடு எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்று படித்து அறிவது, வரிக் கணக்கைத் தானே தாக்கல் செய்வது, இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் நின்றால் என்ன பொறுப்பு வரும் என்று தெரிந்திருப்பது: பாடத்தின் பெரும்பகுதி இதுதான். முதலீடே செய்யாதவருக்கும் இவை அத்தனையும் தேவைப்படும்.

என் பிள்ளைக்கு இது தெரியுமா தெரியாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்னமரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் வடிவமைத்த மூன்று கேள்விகள் இருக்கின்றன. இன்று பல நாடுகளின் ஆய்வுகளில் இவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒன்று: ஆண்டுக்கு 2% வட்டியில் 100 போட்டு, எடுக்காமல் விட்டால் 5 ஆண்டில் 102க்கு மேல் இருக்குமா, சரியாக 102 இருக்குமா, குறைவாக இருக்குமா? இரண்டு: சேமிப்புக்கு 1% வட்டி, விலைவாசி ஏற்றம் 2% என்றால், ஓராண்டு கழித்து அந்தப் பணத்தில் இன்று வாங்குவதைவிட அதிகம் வாங்க முடியுமா, குறைவாகவா? மூன்று: ஒரே நிறுவனத்தின் பங்கை வாங்குவது, பல நிறுவனங்களின் பங்குகளில் பணத்தைப் பிரித்துப் போடும் மியூச்சுவல் ஃபண்டில் போடுவதைவிடப் பாதுகாப்பானதா?

2004இல் அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் இவற்றைக் கேட்டபோது, முதல் இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. வாழ்நாளெல்லாம் சம்பாதித்து, கடன் கட்டி முடித்தவர்களின் நிலை இது. அனுபவமே எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும் என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது.

கணக்குப் பாடத்தில்தான் தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் வருகிறதே, தனியாக எதற்கு?

சூத்திரம் வருகிறது, உண்மைதான். ஆனால் உலகம் அந்தச் சூத்திரத்தைத் தேர்வுத் தாளில் வருவது போல நம் முன்னால் வைப்பதில்லை. ஓர் உதாரணம். 12,000 கடன், ஓராண்டுத் தவணை, வட்டி 10% ஃபிளாட் என்று ஒருவர் சொல்கிறார். வட்டி 1,200. மொத்தம் 13,200, மாதம் 1,100. 10% மலிவாகத் தோன்றும். ஆனால் அந்த 12,000 ஆண்டு முழுக்க உங்கள் கையில் இல்லை. மாதாமாதம் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் கடனில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் உங்களிடம் இருந்திருக்கும். வட்டியோ முழுத்தொகைக்கும் கட்டுகிறீர்கள். மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இதே கடனின் வட்டி ஏறக்குறைய 18%.

பக்கத்திலேயே இன்னொருவர் குறையும் இருப்பு முறையில், அதாவது மீதமிருக்கும் அசலுக்கு மட்டும், 14% என்கிறார். எது மலிவு? கூட்டுவட்டிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய மாணவர்கூட இந்த இடத்தில் 10% பக்கம் போய்விடக்கூடும். ஏனென்றால் என்ன கேள்வி கேட்கவேண்டும் என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லித்தருவதில்லை. பரிசீலனைக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம், தவணை தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எந்தச் சூத்திரத்திலும் இல்லை. கணக்கு இல்லாமல் நிதிக் கல்வி கிடையாது. ஆனால் கணக்கு மட்டுமே நிதிக் கல்வி ஆகிவிடாது.

இதெல்லாம் வீட்டில் அப்பா, அம்மா சொல்லித்தர வேண்டியதுதானே?

சொல்லித்தர முடிந்த வீடுகளில் சொல்லித்தருகிறார்கள், நல்லது. சொல்லித்தரத் தெரியாத வீட்டுப் பிள்ளைகள்தான் என் கவலை. வளர்ந்த நாடுகள் பலவற்றின் கூட்டமைப்பான ஓஇசிடி, பல நாட்டு மாணவர்களின் திறனை அளக்க நடத்தும் பீசா தேர்வில் 15 வயது மாணவர்களின் நிதி அறிவை முதன்முதலில் 2012இல் 18 நாடுகளிலும் பகுதிகளிலும் அளந்தார்கள். ஓஇசிடி நாடுகளின் சராசரியில் 15% மாணவர்கள் அடிப்படை நிலையையே எட்டவில்லை. 2022 சுற்றில் அது சுமார் 18%. பங்கேற்ற நாடுகள் மாறியிருப்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. ஆனால் சுற்றுக்குச் சுற்று மாறாத ஒன்று உண்டு: வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்கள், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள்.

வீட்டை மட்டும் நம்பியிருந்தால், யாருக்கு ஒரு தவறு அதிகம் வலிக்குமோ அவர்களுக்குத்தான் குறைவாகத் தெரிந்திருக்கும். வசதியான வீட்டுப் பிள்ளை தவறான கடன் வாங்கினால் அப்பா கட்டிவிடுவார். மற்றப் பிள்ளைக்கு அது பத்து வருடப் பிரச்சினை.

விருப்பப் பாடமாக வைத்தால் போதாதா? எதற்கெடுத்தாலும் கட்டாயமா?

விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். முந்தைய பதிலில் சொன்ன பிள்ளைகளுக்கு அது போய்ச் சேராது. கட்டாயம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

கட்டாயம் என்று காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் மேல்நிலைப் பள்ளிகளின் குடியியல் பாடத்திட்டத்தில் நிதிக் கல்வி சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தத் தேசியப் பாடத்திட்டம் அரசு நிதியில் இயங்கும் அகாடமி வகைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் வேறு வழியில் போனது: அங்கே நிதிக் கல்விக்கென்று தனியாக அரையாண்டுப் பாடம் உண்டு, அதை முடிக்காமல் பள்ளிப் படிப்பை முடிக்க முடியாது. தனி நேரமும் தனி மதிப்பீடும் உள்ள கட்டாயத்தைத்தான் நான் கேட்கிறேன்.

எந்த வகுப்பில் தொடங்குவது? சின்னப் பிள்ளைகளுக்கு எதற்குப் பணக் கவலை?

கவலையைக் கொடுக்க வேண்டாம். தொடக்க வகுப்புகளில் தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வித்தியாசம், ஒன்றை வாங்கினால் இன்னொன்றை விடவேண்டி வரும் என்ற புரிதல், காத்திருந்து வாங்குவது, இவ்வளவு போதும். நடுநிலை வகுப்புகளில் வரவு செலவுத் திட்டம், வட்டி, விலைவாசி ஏற்றம், விளம்பரத்தை ஆராய்ந்து படிப்பது. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் கடன், சம்பளம், வரி, காப்பீடு, மோசடி. தனிப்பாடமாக வைக்க வேண்டியது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். முன்னால் உள்ளவை மற்றப் பாடங்களோடு கலந்தே வரலாம்.

பள்ளியில் படித்தாயிற்று என்றால் கல்லூரியில் மறுபடி எதற்கு?

பதினாறு வயதில் வருமான வரி என்பது தூரத்துச் செய்தி. இருபது வயதில் கல்விக் கடன் ஒப்பந்தம் கையில் இருக்கும், முதல் கிரெடிட் கார்டுக்கு அழைப்பு வந்திருக்கும், அடுத்த ஆண்டு வேலை. முடிவு எடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் பாடம் மனதில் நிற்கும். பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பாடத்தைத் திரும்ப நடத்தக்கூடாது. மாணவர் கையில் உண்மையாக இருக்கும் கடன் ஒப்பந்தத்தையும், வரப்போகும் வேலை நியமனக் கடிதத்தையும் வைத்து நடத்தவேண்டும். எந்தத் துறை மாணவராக இருந்தாலும் ஒரு பருவத்துக்கு ஒரு சிறிய பாடம் போதும்.

பள்ளிப் பாடம் கல்லூரி முடிவுகளையும் மாற்றுகிறது. அமெரிக்காவில் நிதிக் கல்வி கட்டாயமாக இருந்த மாநிலங்களிலிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் உதவித்தொகைக்கு அதிகம் விண்ணப்பித்தார்கள், வட்டி குறைந்த அரசுக் கடனை அதிகம் எடுத்தார்கள், கிரெடிட் கார்டில் பாக்கி வைப்பது குறைந்தது என்று கிறிஸ்டியானா ஸ்டோடர்ட், கார்லி அர்பன் இருவரின் ஆய்வு காட்டியது. கடனே வாங்காமல் இருந்தார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எந்தக் கடனை வாங்குவது என்பதில் தெளிவு கூடியது. அதுதான் முக்கியம்.

நிதிக் கல்வியால் பயனே இல்லை என்று ஆராய்ச்சி சொல்வதாகப் படித்தேனே?

நீங்கள் படித்தது அநேகமாக 2014இல் வெளியான ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் ஆகியோரின் கட்டுரையைப் பற்றி இருக்கும். முந்தைய 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மக்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் 0.1% மட்டுமே நிதிக் கல்வித் திட்டங்களால் விளக்கப்படுகிறது என்றார்கள். படித்தது காலப்போக்கில் மங்கிவிடுகிறது என்பதும் அவர்கள் முடிவு. இதை ஒதுக்கித் தள்ளக்கூடாது. ஒரு நாள் கருத்தரங்கு நடத்திவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் திட்டங்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இது போன்ற முடிவுகளே காரணம்.

அதற்குப் பிறகு சான்றுகள் நிறைய வந்திருக்கின்றன. 2022இல் கைசர், லுசார்டி, மென்கோஃப், அர்பன் ஆகியோர் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய 76 சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 1,60,000க்கும் மேற்பட்டவர்கள். அறிவிலும் நடத்தையிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. அறிவில் கிடைத்த முன்னேற்றம் மற்றப் பாடங்களைக் கற்பிக்கும் முயற்சிகளில் கிடைப்பதற்கு இணையானது. அமெரிக்காவின் ஜார்ஜியா, ஐடஹோ, டெக்சாஸ் மாநிலங்களில் பாடம் கட்டாயமான பிறகு படித்த இளைஞர்களின் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்று காட்டும் மதிப்பெண்) உயர்ந்தது, தவணை தவறுவது குறைந்தது.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது பிரேசில் சோதனை. ஆறு மாநிலங்களில் சுமார் 900 பள்ளிகள், ஏறக்குறைய 25,000 மாணவர்கள். நிதி அறிவு கூடியது, சேமிப்பு கூடியது, பெற்றோரின் அறிவும் கூடியது. ஆனால் மாணவர்கள் தவணையிலும் கிரெடிட் கார்டிலும் பொருள் வாங்குவதும் சேர்ந்து கூடியது! இங்கே நின்றிருந்தால் பாடம் கெடுதல் செய்தது என்றுகூடச் சொல்லியிருப்போம். ஒன்பது ஆண்டு கழித்து அதே மாணவர்களைப் பின்தொடர்ந்தபோது, வட்டி அதிகமான கடன்களையும் தவணை தவறுவதையும் அவர்கள் பாடம் படிக்காத மாணவர்களைவிடக் குறைத்திருந்தார்கள். சொந்தமாகச் சிறுதொழில் வைத்திருந்தவர்களும் அவர்களில் அதிகம். ஆகவே பாடத்தை உடனடி விளைவை வைத்து மட்டும் எடைபோடாதீர்கள். அப்புறம், கடன் கருவிகளைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு அவற்றின் செலவைக் கணக்குப் போடப் பழக்காமல் விடாதீர்கள்.

கோல், பால்சன், சாஸ்திரி ஆகியோரின் ஆய்வு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மாநிலங்களின் பழைய நிதிப் பாடக் கட்டாயங்களால் பலன் தெரியவில்லை, கூடுதல் கணிதம் படித்தவர்களின் கடன் நிர்வாகம் மேம்பட்டது என்பது அதன் முடிவு. ஃபிளாட் வட்டிக் கேள்விக்குச் சொன்னதோடு இது பொருந்திப் போகிறது: எண்களோடு மல்லுக்கட்டாத, வெறும் அறிவுரையாக நடக்கும் பாடம் வேண்டாம்.

ஏற்கெனவே புத்தகப் பை கனம். எந்தப் பாடத்தை வெட்டப் போகிறீர்கள்?

எதையும் முழுதாக வெட்ட வேண்டியதில்லை. கணக்கில் உள்ள சதவீதம், வட்டி, புள்ளியியல் அலகுகளைச் சம்பளச் சீட்டு, கடன் அட்டவணை கொண்டு நடத்தலாம். மொழிப்பாடத்தில் ஒரு காப்பீட்டு ஒப்பந்தத்தையோ விளம்பரத்தையோ கட்டுடைத்துப் படிக்கலாம். கடைசிக் கட்டத்து அரையாண்டுப் பாடத்துக்கு மட்டும் புது நேரம் வேண்டும். அதை ஒதுக்க மனமில்லாத பாடத்திட்டக் குழு, அடுத்த நாற்பது ஆண்டும் அந்த மாணவர் அன்றாடம் செய்யப்போகும் வேலைக்கு நேரமில்லை என்று சொல்வதாகத்தான் பொருள்.

ஆசிரியர்களுக்கே இதில் பயிற்சி இல்லையே, யார் நடத்துவது?

நியாயமான கேள்வி. தயாராகாத ஆசிரியரிடம் புத்தகத்தைக் கொடுத்தால் வரையறைகளை மனப்பாடம் செய்ய வைப்பார், வேறு வழியில்லை அவருக்கு. எனவே பயிற்சி முதலில், கட்டாயம் பிறகு. அந்தப் பயிற்சியில் ஆசிரியரின் சொந்தக் கடன், ஓய்வூதியம், காப்பீடு பற்றிய சந்தேகங்களுக்கும் இடம் இருக்கட்டும். தன் வாழ்க்கையில் பயன்பட்ட பாடத்தை ஆசிரியர் ஈடுபாட்டோடு நடத்துவார்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இலவசமாகவே வந்து வகுப்பு எடுக்கின்றனவே, அவர்களிடமே விடலாமே?

விடக்கூடாது. அவர்களுக்கு விஷயம் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாடத்தில் எதைச் சொல்லாமல் விடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். "சேமியுங்கள்" என்று சொல்வார்கள். கட்டணங்களை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அதே அழுத்தத்தோடு சொல்வார்களா?

கட்டணம் சின்ன விஷயம் இல்லை. 1,000 முதலீடு ஆண்டுக்கு 6% வளர்ந்தால் 30 ஆண்டில் 5,743 ஆகும். ஆண்டுதோறும் ஒரு சதவீதம் கட்டணமாகப் போய் 5% மட்டும் வளர்ந்தால் 4,322தான். ஒரே ஒரு சதவீதம், கடைசித் தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. இந்தக் கணக்கை எந்தத் தயக்கமும் இல்லாமல் கரும்பலகையில் எழுதக்கூடியவர்தான் நடத்தவேண்டும். நிறுவனங்கள் நிதி உதவி செய்யலாம், பெயர், சின்னம், தயாரிப்பு எதுவும் இல்லாமல். வகுப்பறையில் கணக்குத் தொடங்கும் படிவம் வந்தால் அது விற்பனை.

தேர்வு வைத்தால் இதுவும் மனப்பாடப் பாடமாகிவிடாதா?

"பணவீக்கத்தை வரையறு" என்று கேட்டால் ஆகிவிடும். இரண்டு கடன் ஒப்பந்தங்களைக் கொடுத்து, எதை ஏன் தேர்வு செய்வாய் என்று கேளுங்கள். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதட்டும்.

எங்கள் சமய நம்பிக்கைப்படி வட்டி கூடாது. பிள்ளையை இந்த வகுப்பில் உட்கார வைக்கவேண்டுமா?

உட்கார வைக்கலாம். வட்டி வாங்கு, கொடு என்று பாடம் சொல்லக்கூடாது. அது எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் விளக்கவேண்டும். வட்டியைத் தவிர்க்க விரும்புகிறவருக்கு, கட்டணம் என்ற பெயரில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிவது இன்னும் அவசியம். லாப நட்டப் பங்கீட்டு முறைகளும் பாடத்தில் இருக்கவேண்டும்.

வகுப்பில் வீட்டு வரவு செலவைப் பேசினால் ஏழைப் பிள்ளைகள் கூனிக்குறுகிப் போகமாட்டார்களா?

போவார்கள். அதனால் "உன் வீட்டுச் செலவை எழுதி வா" என்ற வீட்டுப்பாடம் ஒருபோதும் கூடாது. கற்பனைக் குடும்பங்களை வைத்தே எல்லாப் பயிற்சியும் நடக்கட்டும். அந்தக் குடும்பங்களும் எப்போதும் நிலையான மாதச் சம்பளக் குடும்பங்களாக இருக்கக்கூடாது. தினக்கூலி, நிலையில்லாத வருமானம், நோயாளியைப் பராமரிக்கும் வீடு எல்லாம் வரவேண்டும்.

நன்றாகப் படித்தவர்களே மோசடியில் ஏமாறுகிறார்கள். பாடம் என்ன செய்துவிடும்?

படிப்பு வேறு, இந்தப் பழக்கம் வேறு. மோசடிக்காரர்கள் அறியாமையைவிட அவசரத்தையும் பயத்தையும் ஆசையையும்தான் பயன்படுத்துகிறார்கள்: "இன்றே கடைசி", "கணக்கு முடக்கப்படும்", "நிச்சய லாபம்". எனவே வகுப்பில் செய்யவேண்டியது ஒத்திகை. போலி அழைப்பை நடித்துக் காட்டி, போனை வைத்துவிட்டு அதிகாரப்பூர்வ எண்ணை நாமே தேடி அழைக்கப் பழக்குவது, ஓடிபியை யாருக்கும் சொல்லாமல் இருக்கப் பழக்குவது. ஏமாந்தால் வெட்கப்படாமல் உடனே வங்கிக்குத் தெரிவிக்கச் சொல்லித்தருவதும் அதே அளவு முக்கியம். பலர் வெட்கத்தில் மறைத்து, மீட்டிருக்கக்கூடிய பணத்தையும் இழக்கிறார்கள்.

பத்து வருடத்தில் செயலிகள் எல்லாம் மாறிவிடும். இன்று கற்றுத்தருவது வீணாகாதா?

செயலியை எப்படி அழுத்துவது என்று கற்றுத்தந்தால் வீண்தான். கணக்கு மாறாது. "இரண்டு வாரத்துக்கு 5% தான்" என்று ஓர் உடனடிக் கடன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 26 இரண்டு வாரங்கள். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே போனால் ஆண்டுக்கு 130%. அதையும் கட்டாமல் அசலோடு சேரவிட்டால் 255%க்கும் மேல். எந்தச் செயலி வந்தாலும் ஆண்டு வட்டிக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கம் கைகொடுக்கும்.

கையில் காசே இல்லாதவனுக்குச் சேமிப்புப் பாடமா? வறுமைக்கு அவனுடைய அறியாமைதான் காரணம் என்று சொல்கிறீர்களா?

அப்படிச் சொல்லும் எந்தப் பாடத்தையும் நான் எதிர்க்கிறேன். குறைந்த கூலியைப் பட்ஜெட் போட்டு அதிகமாக்க முடியாது. பல ஏழைக் குடும்பங்கள் ஒவ்வொரு காசையும் கணக்கு வைத்துத்தான் வாழ்கின்றன. அவர்களுக்குச் சிக்கனத்தைப் போதிப்பது அவமானப்படுத்துவதாகும்.

ஆனால் குறைந்த வருமானக்காரருக்குத்தான் கடன் அதிக வட்டிக்குக் கிடைக்கிறது, அபராதக் கட்டணம் கடுமையாகத் தாக்குகிறது. கிடைக்கவேண்டிய அரசு உதவியும் திரும்பி வரவேண்டிய வரிப்பணமும் தெரியாமலே போகின்றன. பாடம் அந்த இழப்புகளைத் தடுக்கவேண்டும். சம்பளத்தில் தவறான பிடித்தம் இருந்தால் எங்கே முறையிடுவது, கடன் வசூலிப்பவர் எல்லை மீறினால் என்ன உரிமை இருக்கிறது என்பவையும் பாடத்தில் இருந்தே ஆகவேண்டும்.

நிறுவனங்களைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தாமல், எல்லாப் பொறுப்பையும் மாணவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யவேண்டும் என்று யார் சொன்னது? "பாடம் நடத்தியாயிற்று, இனி நீ ஏமாந்தால் உன் தவறு" என்று ஓர் அரசு சொல்லுமானால், அந்த அரசு பாடத்தைக் கேடயமாகப் பிடிக்கிறது. அதை ஏற்கவே முடியாது. சிக்கலான, மறைமுகக் கட்டணம் நிறைந்த ஒரு திட்டத்தைத் தடைசெய்ய முடியும் என்றால் தடைசெய்வதுதான் சரி. அதைப் புரிந்துகொள்ளக் கோடிக்கணக்கானவர்களுக்கு வகுப்பு எடுப்பது சுற்றுவழி.

சட்டமும் பாடமும் எப்படிச் சேர்ந்து இயங்கும் என்பதற்கு அமெரிக்காவின் 2009 கிரெடிட் கார்டு சட்டம் ஒரு நல்ல உதாரணம். சொந்த வருமானம் இருப்பதையோ பொறுப்பேற்கும் இன்னொருவரையோ காட்டாமல் 21 வயதுக்கு உட்பட்டவருக்குக் கார்டு தரக்கூடாது என்றது. பரிசுப் பொருள் காட்டிக் கல்லூரி வளாகத்தில் மாணவர்களைச் சேர்ப்பதைத் தடுத்தது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் தீர எத்தனை காலம் ஆகும், மொத்தம் எவ்வளவு போகும் என்பதை மாதக் கணக்கறிக்கையிலேயே அச்சிட வைத்தது. சட்டம் அந்தத் தகவலைக் காகிதத்தில் கொண்டுவந்து சேர்க்கும். அதைப் படித்துவிட்டு அடுத்த மாதம் எவ்வளவு கட்டுவது என்று முடிவு செய்ய ஒருவருக்குப் பயிற்சி வேண்டும். இப்படி ஒரு விதி தங்கள் நாட்டில் இல்லையே என்று கவனித்துக் கேட்பதற்கும் அதே பயிற்சி வேண்டும்.